அரசு செலவு எவ்வளவு பாதுகாப்பை வாங்குகிறது? நாடுகளை ஒப்பிட்டு அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வங்கதேச அரசு சுகாதாரத்துக்குச் செலவிடுவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் இன்று முப்பதைச் சுற்றித்தான். இந்த இரண்டு எண்களையும் மென்பொருளில் போட்டால், உலகின் மிகத் திறமையான அரசுகளில் ஒன்று வங்கதேசம் என்று விடை வரும். அந்த விடையை நம்பக் கூடாது. அங்கே மருத்துவத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஏழு பங்கை நோயாளியின் குடும்பமே கைக்காசு போட்டுக் கட்டுகிறது. தொண்டு நிறுவனங்கள் வீடு வீடாகச் சென்று செய்யும் வேலையும் அரசுக் கணக்கில் ஏறுவதில்லை.

அரசு செலவு மனிதப் பாதுகாப்பை, அதாவது மக்களின் உயிரும் வாழ்வும் ஆபத்தின்றி இருப்பதை, எவ்வளவு திறமையாக உயர்த்துகிறது என்ற இந்தக் கணக்கை, ஆய்வேடு எழுத வரும் மாணவர்களோடு உட்கார்ந்து பல ஆண்டுகளாகப் போட்டு வருகிறேன். அநேகமாக எல்லோரும் முதல் முறை இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் கணக்கு முறையை விட, எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விரிதாள் ஒன்று, புள்ளியியல் கணக்குக்கான ‘ஆர்’ (R) மென்பொருள், அதில் ‘பெஞ்ச்மார்க்கிங்’ (Benchmarking) என்ற தொகுப்பு. மூன்றும் இலவசமாகக் கிடைக்கும். தரவுக்கு உலக வங்கியின் வளர்ச்சிக் குறியீடுகள், உலக சுகாதார அமைப்பின் சுகாதாரச் செலவுத் தளம், பன்னாட்டு நாணய நிதியத்தின் அரசு நிதிப் புள்ளிவிவரம், கொலை விகிதத்துக்கு ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், ஊட்டக்குறைவுக்கு உணவு மற்றும் வேளாண் அமைப்பு.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் வேண்டும். எந்த எண்ணை, எந்தத் தேதியில், எந்தத் தளத்திலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இந்தத் தளங்கள் பழைய ஆண்டுகளின் எண்களையும் திருத்திக்கொண்டே இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து அதே கணக்கு வேறு விடை தந்தால், காரணம் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

‘அரசு செலவு மனிதப் பாதுகாப்பை எவ்வளவு திறமையாக உயர்த்துகிறது’ என்பது தலைப்பு. அதை அப்படியே கணக்கில் போட முடியாது. யாருடைய செலவு, எந்தப் பாதுகாப்பு, எந்த ஆண்டுகள், எந்த நாடுகள் என்ற நான்கும் ஒரே வரியில் வர வேண்டும்.

எடுத்துக்காட்டு: ‘2010 முதல் 2019 வரை, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள வளரும் நாடுகளில், அரசு தலைக்குச் செய்த சுகாதாரச் செலவு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிரை எவ்வளவு காத்தது?’ இந்த வரியை எழுதாமல் தரவிறக்கத் தொடங்குகிறவர்கள், கிடைத்த எண்ணுக்கு ஏற்பக் கேள்வியைப் பின்னால் வளைக்கிறார்கள்.

2. ஏழு கூறுகளில் எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994 மனித வளர்ச்சி அறிக்கை மனிதப் பாதுகாப்பை ஏழாகப் பிரித்தது: பொருளாதாரம், உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல், தனிமனிதப் பாதுகாப்பு, சமூகம், அரசியல். புதியவர்களின் முதல் ஆசை ஏழையும் எடுப்பது. வேண்டாம்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நாம் பயன்படுத்தப் போகும் முறை (பெயர் 9-ஆம் படியில் வரும்) ஒவ்வொரு நாட்டையும் மிக நன்றாகச் செய்த நாடுகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும், முழு மதிப்பெண் 1. அதில் விளைவுகளின் எண்ணிக்கை கூடக் கூட, ஒவ்வொரு நாடும் ஏதோ ஒன்றில் முதலிடம் பிடித்துவிடும். ஏழு விளைவுகள் வைத்து நாற்பது நாடுகளை ஒப்பிட்டால், பல நாடுகள் முழு மதிப்பெண் வாங்கி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து எதுவும் தெரியாது. உள்ளீடுகளின் (செலவு எண்களின்) எண்ணிக்கையையும் விளைவுகளின் எண்ணிக்கையையும் கூட்டி மூன்றால் பெருக்கினால் வரும் எண்ணுக்குக் குறையாமல் நாடுகள் வேண்டும் என்பது பலர் பின்பற்றும் விதி. என் அனுபவத்தில் அது போதாது, அதைப் போல இரு மடங்கு இருந்தால் நல்லது.

முதல் கணக்கை ஒரு செலவு, ஒரு விளைவு என்றே போடுங்கள். அது சரியாக வந்த பிறகு இரண்டாவது விளைவைச் சேருங்கள். மூன்றுக்கு மேல் போக வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குறியீடாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் சாதாரணச் சராசரி எடுத்தால், ஒன்றில் கிடைத்த லாபம் இன்னொன்றின் நாசத்தை மூடிவிடும். மனித வளர்ச்சிக் குறியீடே 2010-இல் கூட்டுச் சராசரியை விட்டு, மூன்று கூறுகளையும் பெருக்கிக் கனமூலம் எடுக்கும் சராசரிக்கு மாறியது. நீங்களும் அதையே பின்பற்றுங்கள்.

3. செலவு எண்ணைச் சரியாகப் பிடியுங்கள்

வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. மற்ற எல்லாப் பிழைகளையும் பின்னால் திருத்தலாம். செலவு எண் தவறினால் கணக்கு முழுவதும் வீண்.

முதலில், எந்த அரசு? இந்தியாவில் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அரசு சுகாதாரச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. சீனாவிலோ மொத்த அரசு செலவில் பெரும்பகுதி மாகாண, உள்ளாட்சி அமைப்புகள் வழியாகவே போகிறது. தரவு அட்டவணையில் ‘மத்திய அரசு’ என்ற நிரலை (நெடுவரிசையை) எடுத்தால் இரண்டு நாடுகளும் சிக்கனத்தின் சிகரமாகத் தெரியும். மத்திய, மாநில, உள்ளாட்சிச் செலவுகளும் சமூகக் காப்பீட்டு நிதியும் சேர்ந்த ‘பொது அரசு’ நிரலைத்தான் எடுக்க வேண்டும். தரவுத் தளத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், கவனம்.

அடுத்து, எந்தத் துறைச் செலவு? அரசுச் செலவுகளை நோக்கத்தின்படி பத்தாகப் பிரிக்கும் ஐ.நா. வகைப்பாடு ஒன்று உண்டு. அதில் 03 பொது ஒழுங்கு, 05 சுற்றுச்சூழல், 06 குடியிருப்பும் குடிநீரும், 07 சுகாதாரம், 09 கல்வி, 10 சமூகப் பாதுகாப்பு ஆகியவை நம் வேலைக்கு உரியவை. மொத்த அரசு செலவை எடுக்காதீர்கள். அதில் 01-ஆம் தலைப்பின் கீழ் கடன் வட்டியும் வந்துவிடும். இலங்கையில் 2022 பொருளாதார நெருக்கடிக்குச் சற்று முந்திய ஆண்டுகளில் அரசு வருவாயில் பாதிக்கும் மேல் வட்டிக்கே போனது. அந்தப் பணம் மருந்தும் வாங்கவில்லை, பள்ளியும் கட்டவில்லை. அதை உள்ளீடாக வைத்தால் கொழும்பின் மருத்துவர்களைத் திறமையற்றவர்கள் என்று சொல்வது போலாகும்.

ஒவ்வொரு நாடும் ஒரே மாதிரி வகைப்படுத்துவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். உணவு மானியம் ஓரிடத்தில் சமூகப் பாதுகாப்பிலும் இன்னோரிடத்தில் வேளாண்மையிலும் பதிவாகும். உணவுப் பாதுகாப்பு உங்கள் தலைப்பு என்றால், நாடு நாடாக அடிக்குறிப்பைப் படிக்காமல் தப்ப முடியாது.

அடுத்தது எந்த அலகு என்பது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சதவீதம் என்பது எளிது, ஆனால் வகுக்கும் எண் ஏமாற்றும். அயர்லாந்தின் உற்பத்தி 2015-இல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ கால் பங்கு உயர்ந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்தைக் கணக்கில் அங்கே மாற்றியதுதான் முக்கியக் காரணம். அந்த ஆண்டில் மருத்துவமனைகளில் எதுவும் குறையவில்லை, ஆனால் செலவுச் சதவீதம் சரிந்தது. எண்ணெய் நாடுகளில் விலை ஏறி இறங்கும்போதெல்லாம் இதே கோளாறு வரும்.

அதனால் தலைக்கு எவ்வளவு என்ற எண்ணை, நாடுகளின் விலைவாசி வேறுபாட்டைச் சரிக்கட்டிய வாங்கும் திறன் சமநிலை டாலரில் எடுங்கள். செவிலியர் ஊதியம் நாட்டுக்கு நாடு மாறும். சந்தை மாற்று விகிதத்தில் கணக்கிட்டால், இந்தியாவின் ஒரு ரூபாய் உள்ளூரில் வாங்கும் சேவையின் மதிப்பு மூன்று முதல் நான்கு மடங்கு குறைத்துக் காட்டப்படும்.

கடைசியாக ஒன்று. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது வேறு, செலவானது வேறு. எப்போதும் உண்மைச் செலவையே எடுங்கள். ஒதுக்கீட்டை எடுத்தால், பணத்தை விடுவிக்காமல் வைத்திருந்த அரசின் குற்றம் களப்பணியாளர் தலையில் விழும்.

4. விளைவு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல விளைவு எண்ணுக்கு இரண்டு அடையாளங்கள். அது மக்களின் உடலிலும் வாழ்விலும் தெரிய வேண்டும். அரசின் செலவு அதை அசைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மருத்துவமனைப் படுக்கைகள், காவலர் எண்ணிக்கை ஆகியவை விளைவுகளே அல்ல. அவை செலவின் இன்னொரு வடிவம். பணத்தைப் படுக்கையாக மாற்றியதைத்தான் அளப்பீர்கள், படுக்கை உயிரைக் காத்ததா என்பது தெரியாது.

உடல்நலத்துக்கு நான் முதலில் எடுப்பது ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறப்பு விகிதம். சராசரி ஆயுளை விட இது மேல். ஆயுளை எச்.ஐ.வி. போன்ற பெருநோய்கள் ஆட்டிப் படைக்கும். போட்ஸ்வானா ஆப்பிரிக்காவிலேயே நன்றாக ஆளப்படும் நாடுகளில் ஒன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.ஐ.வி.யால் அதன் ஆயுட்காலம் சரிந்தது. அந்த எண்ணை வைத்து அதன் அரசைத் தண்டிப்பது அநியாயம். வளைகுடா நாடுகளில் கதை தலைகீழ்: கத்தாரிலும் ஐக்கிய அமீரகத்திலும் வசிப்பவர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வந்த இளைஞர்கள். வயதைக் கணக்கில் எடுக்காத எந்த இறப்பு விகிதமும் அங்கே அழகாகவே இருக்கும்.

பேறுகால இறப்பு விகிதத்தில் வேறொரு பொறி. பல நாடுகளில் பதிவு போதாததால், ஐ.நா. அமைப்புகள் அதைக் கணித மாதிரி கொண்டு மதிப்பிடுகின்றன. அந்த மாதிரிக்குள் நாட்டின் தலைவருமானமும் ஒரு காரணி. அந்த எண்ணை விளைவாக வைத்துவிட்டு, பின்னால் ‘வருமானம் கூடினால் திறன் கூடுகிறது’ என்று கண்டுபிடித்தால், மாதிரிக்குள் போட்டதையே வெளியே எடுத்திருக்கிறீர்கள்.

தனிமனிதப் பாதுகாப்புக்குக் கொலை விகிதம் பொதுவான தேர்வு. அதில் போர்ச் சாவுகள் சேராது. உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டில் கொலை விகிதம் குறைவாகத் தெரிந்தால் அமைதி என்று பொருள் இல்லை. அத்தகைய நாடுகளை நீக்குங்கள், அல்லது மோதல் சாவுகளைத் தனியாகச் சேருங்கள்.

காற்று மாசை வைத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பை அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: நைஜர், மாலி போன்ற நாடுகளின் நுண்துகள் அளவில் சகாராவின் தூசிக்குப் பெரும் பங்கு. எந்த நிதியமைச்சரும் பாலைவனத்தைப் பெருக்கிவிட முடியாது. பாதுகாப்பான குடிநீர் கிடைப்பவர்களின் பங்கு இதற்கு மேலான எண்.

5. காலத்தைப் பொருத்துங்கள்

2019 செலவையும் 2019 விளைவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மிகப் பரவலான பிழை. இன்று உயிரோடிருக்கும் குழந்தை, அதன் தாய் இருபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிக்குப் போனதாலும் பிழைத்திருக்கலாம்.

இலங்கையை எடுங்கள். குழந்தை இறப்பு ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழ். செலவு சிறிது. ஆனால் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு 1926-இல் தொடங்கியது. இலவசக் கல்வி 1945-இல் வந்தது. ஊர் ஊராகச் செல்லும் மருத்துவிச்சிகளும் எழுதப் படிக்கத் தெரிந்த தாய்மார்களும் சேர்ந்து பல தலைமுறைகளாகக் கட்டிய வீடு அது. இந்த ஆண்டுப் பட்ஜெட் அதற்கு வெள்ளை அடித்த கூலி மட்டுமே. அதேபோல், 2022-இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த அடியின் முழு விளைவும் அதே ஆண்டு எண்ணில் தெரிந்திருக்காது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: செலவுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுச் சராசரி, விளைவுக்கு அதன் கடைசி மூன்று ஆண்டுச் சராசரி. பேரிடர் ஆண்டுகளைத் தனியே குறித்து வையுங்கள். 2010 ஜனவரி நிலநடுக்கம் ஹைட்டியின் அந்த ஆண்டு எண்ணைத் தலைகீழாக்கியது. 2020, 2021 பெருந்தொற்று ஆண்டுகளைச் சாதாரண ஆண்டுகளோடு கலக்க வேண்டாம்.

6. நாடுகளின் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

உலக வங்கிக் கோப்பை அப்படியே எடுத்தால், ‘தெற்காசியா’, ‘அரபு உலகம்’, ‘உலகம்’ என்ற தொகுப்புகளும் நாடுகளைப் போலவே வரிசையில் நிற்கும். நான் பார்த்த முதல் வரைவுகளில் ஐந்தில் ஒன்றிலாவது ‘உலகம்’ ஒரு நாடாக மதிப்பெண் வாங்கியிருந்தது.

மிகச் சிறிய நாடுகளை நீக்குங்கள். பதினோராயிரம் பேர் வாழும் தீவில் ஒரு கொலை நடந்தால், லட்சத்துக்கு ஒன்பது என்று பதிவாகும். அடுத்த ஆண்டு பூச்சியம்.

ஊட்டக்குறைவுத் தரவில் பணக்கார நாடுகளுக்கு நேராக ‘2.5 சதவீதத்துக்குக் கீழ்’ என்ற குறிதான் இருக்கும். மென்பொருள் அதை எண்ணாக ஏற்காது, காலி என்று எடுத்து அந்த நாட்டையே தள்ளிவிடும். நீங்கள் அறியாமலே நன்றாகச் செய்யும் நாடுகள் எல்லாம் மறையும், எஞ்சியவை உயர்ந்து தெரியும். அந்த இடங்களில் 2.5 என்றே வைத்துக் குறிப்பில் சொல்லுங்கள். மற்றக் காலி இடங்களைச் சராசரியால் நிரப்பாதீர்கள். தரவு தராத நாடு பெரும்பாலும் சராசரி நாடாக இருப்பதில்லை.

7. கெட்ட எண்ணை நல்ல எண்ணாகத் திருப்புங்கள்

முறைக்கு ‘கூடினால் நல்லது’ என்ற எண் வேண்டும். இறப்பு விகிதம் குறைந்தால்தான் நல்லது. எல்லோரும் செய்வது ஆயிரத்திலிருந்து கழித்து, பிழைத்தவர்களின் எண்ணிக்கையாக்குவது.

இங்கே நிதானியுங்கள். ஒரு நாட்டில் 5 குழந்தைகள் இறக்கின்றன, பிழைத்தவை 995. இன்னொன்றில் 100 இறக்கின்றன, பிழைத்தவை 900. 900-ஐ 995-ஆல் வகுத்தால் 0.90. ஆயிரத்துக்கு நூறு குழந்தைகளைப் புதைக்கும் நாட்டுக்குத் தொண்ணூறு மதிப்பெண்! அநேகமாக எல்லா நாடும் 0.9-க்கும் 1-க்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கும்.

மாற்று வழி, பிழைத்தவர்களை இறந்தவர்களால் வகுப்பது. முதல் நாட்டுக்கு 199, இரண்டாவதற்கு 9. இப்போது வேறுபாடு தெரிகிறது, ஆனால் மிகைப்பட்டும் தெரிகிறது. இரண்டில் எது சரி என்று கணிதம் சொல்லாது. இரண்டையும் போட்டு, இரண்டிலும் நாட்டின் வரிசை எண் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டுங்கள். வரிசை பெரிதாக மாறும் நாட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.

8. கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன் தாளில் ஒரு கணக்கு. இதைத் தவிர்த்தவர்கள் பின்னால் வரும் எண்ணைப் படிக்கத் தெரியாமல் திணறுகிறார்கள்.

கற்பனையாக நான்கு நாடுகள். அ: செலவு 50, விளைவு 60. ஆ: 100, 80. இ: 200, 90. ஈ: 150, 70. வரைபடத்தில் புள்ளி வையுங்கள். அ, ஆ, இ மூன்றையும் நேர்கோடுகளால் இணையுங்கள். அதுதான் எல்லைக் கோடு: இவ்வளவு செலவில் இதுவரை யாராவது எட்டிய உச்சம். ஈ அந்தக் கோட்டுக்குக் கீழே கிடக்கும்.

ஈ செலவிடும் 150-இல் கோடு எங்கே இருக்கிறது? ஆவுக்கும் இக்கும் நடுவில், 85. ஈ எட்டியது 70. எனவே விளைவுப் பக்கத் திறன் 70/85, அதாவது 0.82. இப்போது கேள்வியைத் திருப்புங்கள்: 70 விளைவை எட்ட எவ்வளவு போதும்? அவுக்கும் ஆவுக்கும் நடுவில், 75. ஈ செலவிட்டதோ 150. செலவுப் பக்கத் திறன் 0.50.

அதே நாடு, அதே தரவு, ஒருமுறை 0.82, ஒருமுறை 0.50. ‘ஐம்பது சதவீதம் வீண்’ என்று தலைப்புப் போடுபவர் இரண்டாவதை எடுத்திருப்பார். மனிதப் பாதுகாப்பில் நான் விளைவுப் பக்கத்தையே எடுப்பேன். சுகாதாரப் பட்ஜெட்டைப் பாதியாக வெட்டலாம் என்ற யோசனைக்கு எந்த ஏழை நாட்டிலும் என் கணக்கு ஆதாரமாகக் கூடாது. இருக்கும் பணத்தில் இன்னும் எத்தனை உயிரைக் காத்திருக்கலாம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

9. மென்பொருளில் ஓட்டுங்கள்

நாம் கையால் செய்ததன் பெயர் ‘டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்’, சுருக்கமாக டிஇஏ. தொகுப்பில் செலவு நிரலையும் விளைவு நிரலையும் கொடுத்து, இரண்டு தெரிவுகள் செய்ய வேண்டும்.

முதல் தெரிவு அளவுப் பலன். செலவை இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் என்பது மாறாப் பலன். குழந்தைகளின் உயிரில் அது பொருந்தாது. தடுப்பூசியில் முதல் ரூபாய் காக்கும் உயிர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி ரூபாய் காக்காது. மாறும் பலன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள ஈக்கு மாறாப் பலனில் 0.39 வந்திருக்கும், போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது தெரிவு திசை: விளைவுப் பக்கம். இந்தத் தொகுப்பு விளைவுப் பக்கத் திறனை 1-க்கு மேற்பட்ட எண்ணாகத் தரும். 1.21 வந்தால் ‘விளைவை 21 சதவீதம் உயர்த்த இடமிருக்கிறது’ என்று பொருள். அதை மிகச் சிறந்த நாடு என்று படித்து, பட்டியலையே தலைகீழாக அச்சிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1-ஐ அந்த எண்ணால் வகுத்து மாற்றிக்கொண்டால் குழப்பம் தீரும்.

மாறும் பலனில் ஒரு குறையும் உண்டு. எல்லோரையும் விடக் குறைவாகச் செலவிடும் நாடு, ஒப்பிட ஆளில்லாததால் தானாகவே 1.00 வாங்கும். அங்கே குழந்தைகள் எத்தனை இறந்தாலும் சரி. எனவே 1.00 வாங்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் எதிரே, எத்தனை நாடுகள் அதை ஒப்பீட்டு நாடாகக் கொண்டன என்று பாருங்கள். யாருக்கும் முன்மாதிரியாகாத 1.00 வெறும் ஓரத்துப் புள்ளி.

10. மீதியை யார் கட்டினார்கள் என்று கேளுங்கள்

முன்னணியில் வந்த முதல் பத்து நாடுகளை எடுத்து, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படியைச் செய்யாத ஆய்வைத் திருத்தி அனுப்பாமல் நான் விட்டதில்லை.

குடும்பம் கட்டியதா? சுகாதாரச் செலவுத் தளத்தில் அரசு, தனியார், வெளிநாடு என்று மூன்று நிரல்கள் தனித்தனியாக இருக்கும். கைக்காசுச் செலவு பாதிக்கு மேல் இருந்தால் அந்த நாட்டின் மதிப்பெண்ணைக் குறியிட்டு, மொத்தச் செலவை உள்ளீடாக வைத்து மறுபடி போடுங்கள். வங்கதேசம் பட்டியலில் எங்கே நகர்கிறது என்று பாருங்கள். நிலத்தை விற்று மருந்து வாங்கிய வீட்டில் உடல்நலம் கூடியிருக்கலாம், பொருளாதாரப் பாதுகாப்பு போய்விட்டது.

வெளிநாடு கட்டியதா? மலாவி, மொசாம்பிக் போன்ற நாடுகளின் சுகாதாரத்தில் உதவிப் பணத்தின் பங்கு பெரிது. அதைச் சேர்க்காவிட்டால் பிறர் பணத்தில் வந்த விளைவு அரசின் சாமர்த்தியமாகிவிடும்.

மூன்றாவது, வேறொரு பாதுகாப்பு விலையாகப் போனதா? எல் சால்வடாரில் 2015-இல் கொலை விகிதம் லட்சத்துக்கு நூறைத் தாண்டியது. 2023-இல் அரசுக் கணக்குப்படி மூன்றுக்கும் கீழே. பொது ஒழுங்குச் செலவை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அதற்கு இணையான நாடே இருக்காது. ஆனால் 2022 மார்ச்சில் அறிவித்த நெருக்கடி நிலையில் 75,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்கும் மேல். தெருவில் பயமின்றி நடக்கும் தாய்க்குக் கிடைத்த நிம்மதி உண்மை. விசாரணையின்றி மகனைச் சிறையில் விட்டு வாசலில் நிற்கும் தாயின் இழப்பும் உண்மை. கொலை விகிதம் ஒன்றையே விளைவாக வைத்த கணக்கில் இரண்டாவது தாய் இல்லை. இத்தகைய நாட்டுக்கு, அரசியல் பாதுகாப்பை இரண்டாவது விளைவாகச் சேர்த்து ஒரு முறை ஓட்டி, இரு முடிவுகளையும் அருகருகே அச்சிடுங்கள்.

11. முடிவை அசைத்துப் பாருங்கள்

டிஇஏ எல்லைக் கோட்டை உச்சத்தில் நிற்கும் சில நாடுகளே வரைகின்றன. அவற்றில் ஒன்றின் தரவு பிழையென்றால் எல்லோருடைய மதிப்பெண்ணும் பிழை. முன்னணி நாடுகளை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒரே நாட்டை எடுத்ததும் முப்பது நாடுகளின் எண் மாறினால், அந்த நாட்டின் தரவை முதலிலிருந்து சரிபாருங்கள்.

பிறகு பூட்ஸ்ட்ராப் முறையில், அதாவது இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் கூறுகளை எடுத்துக் கணக்கிடும் முறையில், 2,000 முறை ஓட்டி, ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கீழ், மேல் எல்லைகளை வாங்குங்கள். சாதாரண டிஇஏ எண் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே காட்டும், ஏனென்றால் உண்மையான உச்சத்தை எட்டிய நாடு நம் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நாடுகளை ‘17-ஆம் இடம், 18-ஆம் இடம்’ என்று பிரிக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பு 2000-இல் 191 நாடுகளை வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலாவது, அமெரிக்கா 37-ஆவது என்ற வரி மட்டும் ஊடகங்களில் நிலைத்தது. முறையைப் பற்றிய கடும் விமர்சனங்களுக்குப் பிறகு அந்த அமைப்பு அப்படி ஒரு வரிசையை மீண்டும் வெளியிடவில்லை.

12. காரணத்தைத் தேடுவது கடைசியில்

ஏன் சில நாடுகள் கோட்டுக்குக் கீழே கிடக்கின்றன? தலைவருமானம், பெண்கல்வி, மக்கள் அடர்த்தி, எச்.ஐ.வி. பரவல் ஆகியவற்றோடு மதிப்பெண்ணைத் தொடர்புபடுத்துவது வழக்கம். நேராகப் பின்னடைவுச் சமன்பாட்டில் (regression) போட வேண்டாம். ஒரு நாட்டின் மதிப்பெண் மற்ற நாடுகளைப் பொறுத்தே அமைவதால், அவை ஒன்றையொன்று சாராத எண்கள் அல்ல. இதற்கென்றே சிமார், வில்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2007-இல் தந்த இரண்டு கட்டப் பூட்ஸ்ட்ராப் முறை இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

ஊழல், ஆட்சித் தரம் போன்ற குறியீடுகளைச் சேர்க்கும் முன், அவை எப்படி உருவாயின என்று படியுங்கள். பல, வல்லுநர்களின் மனப்பதிவிலிருந்து வருபவை. நாடு நன்றாக இருக்கிறது என்ற எண்ணமே அந்த மதிப்பெண்ணுக்குள் புகுந்திருக்கும்.

13. எழுதும்போது

‘இந்த நாடு 82 சதவீதம் திறமையானது’ என்று எழுதாதீர்கள். ‘இதே அளவு செலவிடும், இந்தப் பட்டியலிலுள்ள நாடுகள் எட்டியதில் 82 சதவீதத்தை இது எட்டியிருக்கிறது’ என்று எழுதுங்கள். நீளமான வாக்கியம்தான், ஆனால் கணக்கு அதை மட்டுமே சொல்கிறது. நாட்டின் பெயரை ஒட்டியே ஒப்பீட்டு நாடுகளின் பெயர்களையும் போடுங்கள். படிப்பவர் நேபாளத்தை யாரோடு வைத்துப் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொண்டு, அது நியாயமா என்று தானே தீர்மானிக்கட்டும்.

மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு நிரல்கள் சேருங்கள்: கைக்காசுச் செலவின் பங்கு, வெளிநாட்டு உதவியின் பங்கு. பட்டியலை மட்டும் வெட்டி எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கையிலும் அந்த இரண்டு நிரல்கள் சேர்ந்தே போக வேண்டும்.